உன் மண்டபத்துக்குப் பூட்டு வேண்டாம் என்றேன்

தம்பி,

கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அம்மா, உன் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று நேற்று மத்தியானம் போனில் கேட்டாய். அணுபுரத்துச் சம்பந்தி வீட்டில் பெண்ணின் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வேலையும் அலுவலகமும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நம் பக்கம் அப்பாவுக்கு 'டிரான்ஸ்போர்ட்' என்று போட்டாயிற்று, உன் இடம்தான் காலியாக நிற்கிறது என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க ஆபீஸ்ல கேக்குற அந்த ஓகேவைப் போட்டுடும்மா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் எவ்ளோ வேணா சண்டை போடு" என்றாய். குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பில் ஏறவே இல்லை. பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்திலேயே போடப் போகிறேன். உன் வயதுப் பிள்ளைகள் சிறுசேரி ஐடி ஆபீஸ்களில் மாடிக்கு மாடி இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகட்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஓகே போட மாட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று பெண் பார்க்கப் போன அன்று உன் மாமியார் கேட்டார்கள். நீ முந்திக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல எழுதுறாங்க" என்றாய், ஏதோ நான் திரையில் கோலம் போடுகிற மாதிரி. நீயும் அதே துறைதான் என்றாலும் ஒரு தடவை சரியாகக் கேட்டுக்கொள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை இருக்கிற கல்யாண மண்டபங்களின் பதிவுகளையெல்லாம் எங்கள் கம்பெனி ஒரே தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. எந்த மண்டபம், எந்தத் தேதி, யார் வீட்டு விசேஷம், எல்லாம் அதில் உண்டு. முன்பெல்லாம் மண்டபத்து ஆபீசில் இருக்கிறவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்வார். அவருக்காக நான் கையேடு எழுதினேன். அவர் அதைத் திறந்ததே கிடையாது, சந்தேகம் வந்தால் எனக்கே போன் போடுவார். இப்போது அந்த நாற்காலியில் ஏஐ ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஜனங்கள் கேட்பதற்கு அதுவே பதில் சொல்லி, அதுவே பதிவும் செய்துவிடுகிறது. ஆனால் தரவுத்தளத்தை அது நேராகத் தொட முடியாது. அதன் கையில் சில கருவிகளைக் கொடுத்திருக்கிறோம். ஒன்று தேதி காலியா என்று பார்க்கும், ஒன்று பதிவு செய்யும், ஒன்று ரத்து செய்யும். ஒவ்வொரு கருவியோடும் ஒரு குறிப்பு இருக்கும்: இது எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது, என்ன கொடுத்தால் என்ன வரும். அந்தக் குறிப்பில் இல்லாதது ஏஜென்ட்டுக்கு இந்த உலகத்திலேயே இல்லை. அதை எழுதுவதுதான் என் வேலை. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறார். அவருக்கு அரைகுறையாக எழுதிக் கொடு என்கிறார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் கொளவாய் ஏரிப் பக்கம் அடித்துப் பெய்தது மழை. நான் பால் வாங்கப் புறப்பட்டேன். "நான் வர்ற வரைக்கும் யாரு வந்தாலும் கதவத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனேன். கொஞ்ச நேரத்தில் உன் அப்பா லாரி ஷெட்டிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறார். நீ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, யார் வந்தாலும் திறக்காதே என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் கார்ட்டூன் பார்த்திருக்கிறாய். நான் திரும்பி வரும்போது மனுஷன் சன்ஷேடுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நின்றார். "இன்னா புள்ள வளத்துகினு கீற நீ" என்று என்மேல் பாய்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் உன் பக்கம்தான் பேசினேன். நீ சொன்னதைச் சொன்னபடி செய்தாய். 'அப்பாவைத் தவிர' என்று நான் சொல்லவில்லை. அவர் அப்பா என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் சொல்லாமல் விட்டோம். இதை நான் அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். போன முகூர்த்த சீசனில் திருக்கழுக்குன்றம் பக்கத்து மண்டபம் ஒன்றின் வாசலில் நின்றபோது எனக்கு வேடிக்கையாக இல்லை.

நம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மண்டபம் அந்த வீட்டாருடையது. சனிக்கிழமை சாயங்காலம் பெண் அழைப்பு, வரவேற்பு. ஞாயிறு காலையில் தாலி. மத்தியானச் சாப்பாட்டோடு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பதிவில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒற்றைத் தேதிதான் இருக்கும். ஆபீசில் இருந்த எந்த மனுஷருக்கும் இதை விளக்கத் தேவை இருந்ததில்லை, அவரவர் வீட்டிலேயே கல்யாணம் பார்த்தவர்கள். காலி பார்க்கிற கருவிக்கு எங்கள் இன்ஜினியர் பையன்கள் எழுதிவைத்த குறிப்பு இவ்வளவுதான்: 'கொடுத்த தேதியில் மண்டபம் காலியா என்று சொல்லும்.' இது போதாது என்று நான் கூட்டத்தில் சொன்னேன். "தேதின்னா தேதிதானே மேடம்" என்று சிரித்தார்கள். பிறகு ஒரு குடும்பம் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கேட்டது. ஏஜென்ட் சனிக்கிழமையைப் பார்த்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, மறுநாள் ஞாயிறுக்குத்தான் ஒரு கல்யாணம் பதிவாகியிருந்தது. மண்டபத்தைக் கொடுத்து, குழந்தைக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களுக்கு நடுவில் பலூன் வளைவு நின்றது. இரண்டு சமையல் கோஷ்டியும் ஒரே கோட்டை அடுப்புக்கு அடித்துக்கொண்டார்கள். மேளக்காரர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ரோட்டோரத்தில் நின்றார்கள். கம்பெனியில் கிட்டத்தில் இருப்பவள் நான்தான் என்று என்னைப் போகச் சொன்னார்கள், உன் அப்பா வண்டியில் கூட்டிப்போனார். கல்யாணப் பெண் காருக்குள் இருந்தாள். பூவும் நகையுமாக, ஏசி போடாத காரில், கண்ணாடியை இறக்கவும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பன், சித்தப்பன், மாமன் என்று ஆளாளுக்கு என்னைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். நான் சிஸ்டம், ஏஐ, பிழை என்று உளறினேன். பெண்ணைப் பெற்றவள் மட்டும் கத்தவில்லை. வரிசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள். "எம் பொண்ணு கார்லயே குந்திகினு கீது. கம்ப்யூட்டருக்குத் தெரியாதுன்றியே, சரி. தெரிஞ்சவங்க ஒருத்தருகூடவா அதுக்குச் சொல்லல?"

பிறந்தநாள் வீட்டார் நல்ல ஜனங்கள். அவசர அவசரமாகக் கேக்கை வெட்டிவிட்டு மேடையை ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுச் சாப்பாடும் ஒரே பந்தியில் நடந்தது. ஆனால் அந்தப் பெண் அவ்வளவு நேரம் காரில் இருந்தது இருந்ததுதான், அவளுக்கு இன்னொரு பெண் அழைப்பு நடக்கப் போவதில்லை. அடுத்த வேலைநாளில் மண்டபத்துக்காரருக்கு எங்கள் ஆபீசிலிருந்து 'செயற்கை நுண்ணறிவில் நேர்ந்த பிழை' என்று கடிதம் போயிற்று. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது கோபம். ஏஜென்ட் என்ன பிழை செய்தது? சொன்னதைச் செய்தது. மழையில் கதவைத் திறக்காத உன்னைப் போய் யாராவது பிழை என்று சொன்னால் நான் சும்மா விட்டிருப்பேனா? அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஆபீசில் நடந்த கூட்டத்தில் நான் பேசியதைத்தான் நீ யாரோ நண்பன் மூலம் கேள்விப்பட்டு, "உங்கம்மா செம கத்து கத்திட்டாங்களாம்" என்று அவன் சொன்னதை எனக்கே வந்து சொன்னாய். ஆமாம், கத்தினேன்.

அதற்குப் பிறகு குறிப்பை என் கையில் கொடுத்தார்கள். பதிவுத் தேதி என்பது முகூர்த்த நாள், முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து மண்டபம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும், ஆகவே ஒரு நாள் சாயங்காலத்தை யாராவது கேட்டால் மறுநாள் பதிவையும் பார் என்று எழுதினேன். கருவியிலிருந்து பதில் ஒன்றும் வராவிட்டால் இடம் இருக்கிறது என்று முடிவுகட்டாதே, சில மண்டபங்கள் தங்கள் பதிவை இன்னும் ஏற்றவில்லை, அப்போது தெரியவில்லை என்று சொல்லி மண்டபத்து ஆளிடம் கேட்கச் சொல் என்று எழுதினேன். தேதியில் நாள் முதலில், மாதம் பிறகு என்றும் எழுதினேன், அதற்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது. எழுதி முடித்துவிட்டு அந்தப் பிறந்தநாள் வீட்டார் கேட்ட அதே கேள்வியை ஏஜென்ட்டிடம் கேட்டுப் பார்த்தேன். அன்று சாயங்காலம் மறுநாள் கல்யாண வீட்டாருக்கு உரியது, வேறு நாள் பார்க்கட்டுமா என்று பதில் வந்தது. என் இடத்தில் உட்கார்ந்தபடியே கை தட்டிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வையை விடு. எனக்கு அப்போது அந்தக் காரில் இருந்தவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நீ என்ன சொல்கிறாய்? "மாடலே புரிஞ்சுக்கும்மா, அது ரொம்ப ஸ்மார்ட்." நான் இல்லை என்கிறேனா? உனக்கு வரப்போகிறவள் உன்னைவிடப் பெரிய படிப்புப் படித்தவள். அதற்காக நம் வீட்டு மோட்டார் சுவிட்ச் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமா? உன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்பது எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அதை யாரும் சொல்லாமல், என் சமையல் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஒரு மாதம் போல மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகிப் போகிற பிள்ளைக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான்: அவள் கெட்டிக்காரி, தானாகவே புரிந்துகொள்வாள் என்று விட்டுவிடாதே. நீங்கள் குடிபோகப் போகிற படூர் ஃபிளாட்டில் போய் இறங்கிய அன்றே வாயைத் திறந்து சொல். உனக்கு எது பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், எதைக் கேட்காமல் செய்தால் மனசு உடையும், எல்லாவற்றையும் சொல். அவளையும் சொல்லச் சொல்லிக் கேள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீளமாக எழுதினால் ஏஜென்ட் படிக்கிற வார்த்தைக்கு வார்த்தை கம்பெனிக்குச் செலவு என்று எங்கள் மேனேஜர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் 'எளிமையான', 'சக்திவாய்ந்த', 'நவீன' போன்ற அலங்காரத்தையெல்லாம் நானே வெட்டி எறிந்தேன். வேண்டாததை வெட்டச் சொன்னால் என்னைவிட வேகமாக வெட்ட இந்த ஆபீசில் ஆள் கிடையாது. வேண்டியதை வெட்டச் சொல்லும்போதுதான் எனக்குப் பிடிவாதம் வருகிறது. உன் பத்திரிகையையே எடுத்துக்கொள். தமிழ் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை, நட்சத்திரம், முகூர்த்தம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள், வரவேற்பு முந்தைய நாள் சாயங்காலம், மண்டபம் எந்த ரோட்டில், எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும், இன்னார் பேரன், இன்னார் பேத்தி என்று ஒன்று விடாமல் போட்டிருக்கிறாய். யாருக்கு? ஆயுசு முழுக்கக் கல்யாணங்களுக்குப் போய் வந்த நம் சொந்தக்காரர்களுக்கு. ஒரு கல்யாணத்தையும் பார்க்காத ஏஜென்ட்டுக்கு மட்டும் ஒரு வரி போதுமாம்.

இப்போது சண்டை ரத்து செய்கிற கருவியைப் பற்றியது. அதற்கு மண்டபமும் தேதியும் கொடுக்க வேண்டும், குடும்பத்தின் பெயரும் கொடுக்கலாம். பெயரை விட்டுவிட்டால் அந்தத் தேதியில் அந்த மண்டபத்தில் இருக்கிற எல்லாப் பதிவும் போய்விடும். காலையில் கல்யாணம், சாயங்காலம் வேறு வீட்டு நிச்சயதார்த்தம் என்றால், ஒரு வீட்டார் ரத்து கேட்க இரண்டு வீடும் காலி. பெயர் இல்லாமல் இயங்காதபடி கருவியையே திருத்துங்கள் என்றேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள். சரி, அதுவரைக்கும் குறிப்பிலாவது எழுதுவோம் என்றேன்: பெயர் இல்லாமல் இதை எடுக்காதே, எடுக்கும் முன் மண்டபத்து ஆள் ஒருவரிடம் கேட்டு உறுதி செய். அதுவும் கூடாதாம். ஆளைக் கேட்கச் சொன்னால் மண்டபத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்களாம், போன் எடுக்க வேண்டாம் என்றுதானே அவர்கள் ஏஜென்ட்டை வாங்கினார்கள் என்கிறார் மேனேஜர். குறிப்பு ஒரு வரியில் இருக்க வேண்டும், அதற்கு நான் ஓகே போட வேண்டும், உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே அது வேலைக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு வேறு யாரையாவது வைத்து ஓகே வாங்கிக்கொள்வார்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "மேடம், உங்க பையன் கல்யாண மண்டபமும் நம்ம சிஸ்டத்துலதானே இருக்கு? அந்தப் புக்கிங்க நான் பூட்டிடறேன், ஏஜென்ட் தொடவே முடியாது. நீங்க நிம்மதியா ஓகே போடுங்க" என்றார். அப்படி ஒரு பூட்டு உண்டு, மண்டபத்து முதலாளிகள் தங்கள் சொந்த வீட்டு விசேஷத்துக்குப் போட்டுக்கொள்வது. ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, பெற்ற வயிறு அல்லவா. கடற்கரை ரோட்டில், சவுக்குத்தோப்புக்கு எதிரில் இருக்கிற அந்த மண்டபத்தில், நீயும் அவளும் மாலையோடு நிற்கிறதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் பூட்டுகிறேன் என்று அவர் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. ஆபத்து இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். என் வீட்டுக்கு மட்டும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். "வேணாம் சார். ஊர்ல இருக்கிற மத்த பிள்ளைங்களுக்கு என்ன பாதுகாப்போ அதே என் பிள்ளைக்கும் போதும். எல்லாரையும் காப்பாத்துற மாதிரி அந்த வரியப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்குக் கோபம் வரும். என் கல்யாணத்தை வைத்தா உன் கொள்கையைக் காட்டுகிறாய் என்று கேட்பாய். கேள். உன் அப்பாவும் அதைத்தான் முதலில் கேட்டார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், "புள்ள கல்யாணத்துலயா வெளயாடுற" என்று முறைத்துவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு கார்ல குந்திகினு இருந்தத நானும்தான பாத்தேன். நீ ஓகே போடாத" என்றார். அவ்வளவுதான் பேசினார், பிறகு பேசாமல் சாப்பிட்டார்.

இன்னொன்றும் சொல்வாய், போனவாரம்கூடச் சொன்னாய். நான் எழுத எழுத அது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு கடைசியில் என் நாற்காலியையே பிடுங்கிக்கொள்ளுமாம், பேசாமல் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாமாம். வரட்டும். இந்த நாற்காலிக்கு எது வந்தாலும், பெண் அழைப்பு முந்தைய நாள் சாயங்காலம் என்பது தெரிந்துகொண்டு வரட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டு வரட்டும். அது வரும்வரை இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். இந்த ஆபீசில் எழுத விடாவிட்டால் ஓ.எம்.ஆர். நீளத்துக்கும் ஆபீஸ்தான், ஷட்டில் பஸ்ஸில் ஏறத் தெரியும் எனக்கு. பயந்துகொண்டு வீட்டில் உட்காருவேன் என்று மட்டும் நினைக்காதே.

இன்று காலையில் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது, ரத்துக் கருவிக்கு நான் எழுதிய குறிப்பை மறுபடி அனுப்பச் சொல்லி. நான் அனுப்பவில்லை. ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது சார், இந்தத் தடவை முழுசாகப் படியுங்கள் என்று பதில் போட்டேன். அவர் படித்து அந்த வரியைச் சேர்த்தாலும் சேர்ப்பார், திங்கட்கிழமை என் லாகினை மூடினாலும் மூடுவார். ஆகவே பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'ஆவணம் எழுதுபவர்' என்று போட்டு அச்சுக்குக் கொடு. கம்பெனிப் பெயர் வேண்டாம். அது மாறலாம்.

வரவேற்பு முந்தைய நாள் சாயங்காலம் என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல். அன்று மத்தியானமே நான் மண்டபத்து வாசலில் வந்து நிற்பேன். யாராவது பலூனும் கேக்கும் தூக்கிக்கொண்டு, எங்களுக்கும் இந்த மண்டபத்தைத்தான் கொடுத்தார்கள் என்று வந்தால், உள்ளே கூப்பிட்டு முதல் பந்தியில் உட்கார வைப்பேன். என் மருமகளைக் கையைப் பிடித்து மேடைக்கு நானே அழைத்துப் போவேன். ஏசி போடாத காரில் காத்திருக்க ஒருவர் வேண்டும் என்றால், நீ இரு.

அம்மா